ஆறு பேருக்கும் தாடி

திருவொற்றியூரில் பத்மா கேமரா கம்பெனி என்று ஒன்று இருந்தது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். நான் அதில் பதினோரு வருஷம் கண்ணாக இருந்தேன். மற்றவர்கள் தகரம் வளைத்தார்கள், திருகாணி முடுக்கினார்கள், தோல் ஒட்டினார்கள். என் வேலை பார்ப்பது மட்டும். கேமரா எடுக்கும் படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். உத்தியோகத்தின் பெயர் பிம்பத் தரப் பரிசோதகர். ராயபுரத்தில் இது யாருக்கும் விளங்காததால், அம்புரோஸ் எக்ஸ்ரே பார்க்கிறவன் என்று முடிவு கட்டி, இருமல் வந்தவர்களை என் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நானும் நாலைந்து பேரை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்து, ஒன்றுமில்லை, போ என்று அனுப்பியிருக்கிறேன். அதில் ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

என் கண் அந்தக் காலத்தில் அப்படி. காசிமேட்டுக் கரையில் நின்றபடி அடிவானத்தில் போகிற கப்பலின் பெயரைப் படிப்பேன். ஒரு தடவை கேப்டன் முகம் மழித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். இடது கன்னத்தில் வெட்டிக்கொண்டார்.

சோதனை முறை எளியது. சுவரில் ஓர் அட்டை. அதில் கறுப்புக் கோடுகள் கட்டுக் கட்டாக இருக்கும். கட்டுக்குக் கட்டு மெலிந்துகொண்டே போகும். இருபது அடி தள்ளி கேமராவை வைத்து அட்டையைப் படம் எடுக்க வேண்டும். ஃபிலிமைக் கழுவி, பூதக்கண்ணாடி வைத்து, எந்தக் கட்டு வரைக்கும் கோடு தனித்தனியாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். ஏழாவது கட்டு வரை தெரிந்தால் பாஸ். தெரியாவிட்டால் கேமரா திரும்பிப் போகும். முதல் நாலு வருஷம் பத்துக்கு ஒன்றுதான் திரும்பிப் போயிற்று.

அறுபத்தாறில் வெளிநாட்டு லென்ஸ் வருவது நின்றுபோயிற்று. முதலாளி மாதவரத்தில் ஒரு கொட்டகை போட்டு அங்கேயே லென்ஸ் தேய்க்க ஏற்பாடு செய்தார். பக்கத்திலேயே பால் பண்ணை இருந்ததால் லென்ஸிலும் கொஞ்சம் பால் கலந்தே வந்தது. அந்தக் கண்ணாடியை வைத்து அட்டையை எடுத்தால் மூன்றாவது கட்டிலேயே கோடெல்லாம் ஒன்றோடொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றன. நான் அறுபது கேமராவைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் மேனேஜர் சங்கரநாராயணன் சோதனை அறைக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. பாஸ் போடு என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அட்டையை ஆணியோடு பிடுங்கி ஒரு ஸ்டூலில் சாய்த்து, ஸ்டூலைக் காலால் ஐந்து அடி முன்னே தள்ளினார்.

"கேமராவால அட்டையைப் பார்க்க முடியலேன்னா, அட்டைதான் கொஞ்சம் இறங்கி வரணும், அம்புரோஸ்."

பதினைந்து அடியில் ஏழாவது கட்டு தெரிந்தது. அறுபத்தெட்டில் ஸ்டூல் பதினொரு அடிக்கு வந்தது. எழுபதில் எட்டு அடி. ஸ்டூல் நகர்ந்ததே தவிர, கேமரா டப்பாவுக்குள் போடுகிற சீட்டு நகரவே இல்லை. "நூறடியில் நிற்பவரின் முகத்தின் சகல அம்சங்களும் தெளிவாகப் பதியும் என்று உறுதி கூறுகிறோம். பரிசோதகர்: அ. அம்புரோஸ்." நான் போட்ட கையெழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் புழல் ஏரியைச் சுற்றி வந்துவிடலாம்.

மாதவரம் லென்ஸுக்கு இன்னொரு குணமும் இருந்தது. படத்தில் கறுப்பு எங்கே இருந்தாலும் அதைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடும். மூக்கின் நிழல் உதட்டில் வழியும். தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண ஆல்பத்தில் பெண்ணுக்கு மீசை. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை, மாமியாருக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது.

மாதம் ஒரு தடவை வெளிச்சோதனையும் உண்டு. ஒரு கேமராவை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக் கல்சுவருக்குப் போவேன். அங்கே தண்ணீருக்குள் ஒரு பழைய இரும்புத் தூண் நிற்கும். சுவரிலிருந்து அது சரியாக நூறடி. கயிறு கட்டி அளந்தவன் நான்தான். தூணை ஒட்டி ஏதாவது படகு போகும்போது ஒரு படம். நோட்டில் தேதி, நேரம், கேமரா எண். அவ்வளவுதான் சோதனை. அந்தப் படத்தைக் கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை.

1970, அக்டோபர் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றே முக்கால். உரமூட்டை ஏற்றிய சரக்குப் படகு ஒன்று தூணைத் தாண்டிப் போயிற்று. மேலே ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எடுத்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு மழையும் காற்றும் பிடித்து அந்தப் படகு மூட்டையை இறக்கிவிட்டு அதே ஆறு பேரோடு கப்பலுக்குத் திரும்புகிற வழியில் கவிழ்ந்தது. மூன்று நாளில் ஐந்து பேர் பிணமாகக் கரை ஒதுங்கினார்கள். ஆறாவது ஆள் ஒதுங்கவே இல்லை.

ஆறாவது ஆள் ஸ்டானிஸ்லாஸ். எங்கள் பக்கத்துத் தெரு. துறைமுகத்தில் அவனுக்குச் சொந்தமாக எண் போட்ட வேலைப் பில்லை கிடையாது, பதிலி ஆள். அதாவது, பில்லை வைத்திருக்கிற ஒருவன் வேலைக்கு வர முடியாத நாளில், அந்தப் பில்லையை இவன் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவான். பெயர் கூப்பிட்டால் அவன் பெயருக்கு இவன் ஆஜர் சொல்வான். மேஸ்திரி பில்லையைத்தான் பார்ப்பார், மூஞ்சியைப் பார்க்க மாட்டார். மூஞ்சியைப் பார்த்தால் சட்டப்படி திருப்பி அனுப்ப வேண்டும், ஆள் குறையும். அன்றைக்கு ஸ்டானிஸ்லாஸ் கழுத்தில் இருந்தது மஜீதின் பில்லை. மஜீதுக்குப் புளியந்தோப்பில் மச்சினியின் நிக்காஹ்.

மஜீது பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்தவன் இல்லை. அதற்கு நான் சாட்சி. சாயங்காலம் நிக்காஹிலிருந்து வந்தவன் செய்தி கேட்டு மழையில் அப்படியே கடற்கரைக்கு ஓடினான். தொப்பலாக நனைந்து, நண்பன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு நின்றவனை மேஸ்திரி பார்த்தார். "மஜீது நீந்தி வந்துட்டாண்டா" என்று கட்டிப் பிடித்துக்கொண்டார். சுற்றி இருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். யாரோ டீ கொடுத்தார்கள். அத்தர் வாசனை ஒருவர் மூக்கிலும் ஏறவில்லை. டீ குடித்து முடிப்பதற்குள் மஜீது நீந்தி வந்த ஆளாகிவிட்டான். இல்லை, நான் படகிலேயே போகவில்லை என்று சொன்னால் பில்லை போகும்; பதிலி அனுப்பி ஓர் ஆளைச் சாகக் கொடுத்தான் என்று போலீஸும் வரும். வீட்டில் நாலு குழந்தைகள். அவனுக்கு நீச்சலே தெரியாது.

ரிஜிஸ்டர் அழகாகப் பொருந்திவிட்டது. ஆறு பேர் போனார்கள், ஐந்து பேர் செத்தார்கள், ஒருவர் நீந்தி வந்தார். ஸ்டானிஸ்லாஸ் சாவதற்கு அதில் இடமே இல்லை. அப்படியானால் அவன் எங்கே என்று கேட்டதற்கு, சரக்குக் கம்பெனிக்காரர்கள் ஒரு பதிலும் தயார் செய்தார்கள். புழல் பக்கம் ஒரு பெண்ணோடு போய்விட்டானாம். ஒரு வாரத்தில் தெரு முழுக்க அந்தப் பெண்ணைப் பார்த்திருந்தது. சிலர் அவளுடைய புடவை நிறத்தையும் சொன்னார்கள்.

அவன் மனைவி ஹில்டா பங்குச்சாமியாரிடம் போனாள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் அந்த வருஷம் இறந்தவர்களின் பெயரைக் கோயிலில் வாசிப்பார்கள். அதில் தன் புருஷன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றாள். சாமியார் நல்லவர்தான். ஒரு காகிதம் கொண்டு வா அம்மா என்றார். உயிரோடு இருக்கிறவனுக்கு இறந்தோர் பூசை வைக்க முடியாதாம். அந்த நவம்பரில் படகில் போனவர்களில் ஐந்து பெயர் வாசித்தார்கள். ஹில்டா நாலாவது வரிசையில் மண்டியிட்டிருந்தாள். ஆறாவது பெயர் வருமோ என்று அவள் நிமிர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். என் கண்தான் சொன்னேனே.

மறுநாள் என்னைத் தேடி வந்தாள். நான் எடுத்த படத்தைப் பற்றி நானேதான் உளறியிருந்தேன்.

"அண்ணே, எனக்கு நஷ்டஈடு வோணாம். வோணான்னு எழுதியே குடுத்துடறேன். அவரு செத்துட்டாருன்னு ஒரு காயிதம் வோணும். நான் தாலியறுத்தவளா, புருசன் வுட்டுட்டுப் போனவளான்னு எனக்கே தெரியாம எத்தினி நாளு கீறது?"

விதவையாக வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்பட்ட பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

படத்தில் இருந்த சிக்கல் இதுதான். ஆறாவது ஆள் ஸ்டானிஸ்லாஸா மஜீதா? இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே கறுப்பு. மஜீதுக்குத் தாடி உண்டு. ஸ்டானிஸ்லாஸ் மழித்த முகம். ஆக, தாடி இல்லை என்று தெரிந்தால் போதும், ஸ்டானிஸ்லாஸ் செத்தவனாகிவிடுவான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கம்பெனி இருட்டறைக்கு ஹில்டாவைக் கூட்டிப்போய், படம் பெரிதாக்குகிற கருவியைப் படுக்க வைத்து, எதிர்ச் சுவரில் படத்தை விழவிட்டேன். முதலில் கையளவு. இன்னும் பெருசாக்கு என்றாள். ஆளுயரத்துக்குக் கொண்டு வந்தேன். இன்னும் பெருசாக்குண்ணே என்றாள். கடைசியில் ஒரு முகம் சுவர் முழுக்க நின்றது. அது முகம் என்று தெரிந்தால்தான் முகம். தெரியாவிட்டால் ரவை உப்புமா. ஃபிலிமில் விழாத ஒன்றை எவ்வளவு பெரிதாக்கினாலும் வராது, பெரிய இல்லாமைதான் வரும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? சின்னதாக்கிக் காட்டினேன். ஆறு பேரும் நின்றார்கள். தலைக்கு மேல் வெயில் என்பதால் முகவாய்க்குக் கீழே நிழல். மாதவரம் லென்ஸ் அந்த நிழலை இழுத்து, முகத்தோடு சேர்த்து, மார்பு வரைக்கும் பூசியிருந்தது. ஆறு பேருக்கும் தாடி. இரும்புத் தூணின் உச்சிக்கும் ஒரு தாடி.

ஹில்டா சுவர்ப் பக்கம் போனாள். ஆறாவது உருவத்தின் இடுப்பருகே விரலை வைத்தாள்.

"இவருதான். வலது கால்ல நிக்க மாட்டாரு. ஆணி ஏறினதிலேருந்து இப்பிடித்தான் சாஞ்சிக்கினு நிப்பாரு."

பார்த்தேன். சாய்ந்துதான் நின்றான். ஆனால் சாய்ந்து நிற்பதை எந்த அதிகாரி ஒப்புக்கொள்வார்?

அவள் மஜீது வீட்டுக்கும் போயிருந்தாள். மஜீது அழுதானாம். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவன், நாலும் பெண் குழந்தைகள், என்னை மன்னித்துவிடு தங்கச்சி என்று தலையில் அடித்துக்கொண்டானாம். ஹில்டா அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள். "அவரு உன் பில்லையோட செத்தாரு. அத்த மட்டும் சொல்லு." மஜீது சொல்லவில்லை.

டிசம்பரில் பாரிமுனைப் பக்கம் ஒரு மாடியில் படகு கவிழ்ந்தது பற்றி விசாரணை. மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. இந்தப் பக்கம் சரக்குக் கம்பெனி வக்கீல். அந்தப் பக்கம் ஹில்டாவும் நானும். முதலில் மஜீதைக் கூப்பிட்டார்கள். அலை எப்படி இருந்தது, எந்தப் பலகையைப் பிடித்தான், எத்தனை நேரம் நீந்தினான் என்றெல்லாம் சொன்னான். பொய் சொல்வதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம் உண்டு. அந்த முறையில் சொல்கிறேன், அது முதல் தரமான பொய். ஏனென்றால் அதைச் சொல்லும்போது அவன் உண்மையாகவே அழுதான். அதிகாரி அவனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

பிறகு என் முறை. நான் பெரிய தயாரிப்போடு போயிருந்தேன். நோட்டுப் புத்தகம், தேதி, நேரம், தூணுக்கு நூறடி எல்லாம் சொன்னேன். வக்கீல் எதையும் மறுக்கவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். பத்மா கேமரா டப்பாவுக்குள் இருக்கும் சீட்டு.

"இது உம்ம கையெழுத்துதானே?"

ஆமாம் என்றேன்.

"நூறடியில் நிற்பவரின் முகத்தின் சகல அம்சங்களும் தெளிவாகப் பதியும். நீர் சோதிச்சுப் பார்த்துத்தானே இதை எழுதிக் கொடுத்தீர்?"

ஆமாம் என்றேன்.

"படத்தில் ஆறாவது ஆளுக்குத் தாடி தெரியுதா?"

"தெரியுது."

"மஜீதுக்குத் தாடி உண்டா?"

மஜீது சுவரோரம் உட்கார்ந்திருந்தான். தாடி நனைந்திருந்தது. உண்டு என்றேன்.

"அந்த ஸ்டானிஸ்லாசுக்கு?"

"கிடையாது."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். கேமரா நல்ல கேமரா, சொன்னது நான். நல்ல கேமரா தாடியைக் காட்டுகிறது. ஆகவே படகில் நின்றது மஜீது. என் கையெழுத்தே ஸ்டானிஸ்லாஸைப் படகிலிருந்து இறக்கிவிட்டது.

ஹில்டா என்னைப் பார்த்தாள். எனக்குப் பொய் பஞ்சமே கிடையாது. கப்பல் கேப்டன் கன்னத்தை வெட்டிக்கொண்டதைச் சொல்கிறவன் நான். ஆனால் அந்த அறையில் ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. உண்மைதான் வந்தது. அட்டை இருபது அடியிலிருந்து எட்டு அடிக்கு வந்த கதையைச் சொன்னேன். லென்ஸ் நிழலைக் கீழே இழுக்கும் என்றேன். சீட்டில் இருப்பது நாலு வருஷமாகப் பொய், தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன் என்றேன். ஆறு பேருக்கும் தாடி இருக்கிறது பாருங்கள், செத்த ஐந்து பேரில் யாருக்கும் தாடி கிடையாது, ஊரே சொல்லும் என்றேன். தூணையும் காட்டினேன்.

அதிகாரி பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தூணுக்கு வந்தபோது சிரித்துவிட்டார். பிறகு என்னிடம் படத்தை நீட்டினார்.

"நீர் சொல்றது சரிய்யா. இந்தக் கேமராவை நம்ப முடியாது. அப்போ இந்தப் படத்தை மட்டும் எப்படி நம்பறது?"

படத்தைக் கோப்பில் சேர்க்கவில்லை. ஹில்டா கால் சாய்ந்து நிற்பதைப் பற்றிச் சொன்னாள்; மனைவி அப்படித்தான் சொல்வாள் என்று வக்கீல் மரியாதையாகவே சொன்னார். மேஸ்திரியோ, நான் மூஞ்சியைப் பார்த்தேன், மஜீதுதான் என்றார். அவர் வாழ்க்கையில் பார்த்த ஒரே மூஞ்சி அது. அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது.

ராயபுரம் பஸ்ஸுக்கு நின்றோம். இரண்டு பஸ் போயிற்று. அவள் ஏறவில்லை, நானும் ஏறவில்லை.

"கேமரா நல்லதா இருந்திருந்தா மூஞ்சி தெரிஞ்சிருக்குமாண்ணே?"

தெரிந்திருக்கும் என்றேன். பழைய லென்ஸாக இருந்தால் நூறடியில் மழித்த முகமா தாடியா என்று தாராளமாகத் தெரியும். அவள் தலையை ஆட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். மூன்றாவது பஸ் வந்தது, கூட்டம். எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தாள்.

என் வேலை போகும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. சங்கரநாராயணன் விசாரணையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். அந்தக் காகிதங்களை யாரும் படிக்கமாட்டார்கள், கவலைப்படாதே என்றார். ஆனால் இனி வெளிச்சோதனை வேண்டாம், வீண் செலவு என்றார். பொங்கலுக்குப் பிறகு அட்டை ஆறு அடிக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த நவம்பரிலும் அவன் பெயரை வாசிக்கவில்லை. பங்கின் குடும்பப் புத்தகத்தில் ஸ்டானிஸ்லாஸ் பெயருக்கு எதிரே 'வெளியூர்' என்று எழுதிவைத்திருந்தார்கள். உபதேசியார் வீடு மந்திரிக்க வரும்போதெல்லாம், அவர் வந்தாரா அம்மா என்று கேட்பார். இன்னும் இல்லை என்பாள் ஹில்டா. தெருவிலோ புழல் பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டன. மகள் ரோசியிடம் பள்ளிக்கூடத்தில், உனக்குத் தம்பி பிறந்திருக்கிறானாமே என்று கேட்டிருக்கிறார்கள்.

அன்றைக்குத்தான் ஹில்டா இரண்டாவது தடவையாக என் வீட்டுக்கு வந்தாள்.

"செத்தாருன்னு சொல்ல வுட மாட்டேங்கிறாங்க. சரி, போவட்டும். எங்கியோ ஒழுங்கா, தனியா, வேலை செஞ்சிக்கினு கீறாருன்னாவது சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க. உனக்குத்தான் கண்ணு ஜாஸ்தியாச்சே."

கம்பெனி வேலையாக விசாகப்பட்டினம் போகிறேன் என்று தெருவில் எல்லாரிடமும் சொன்னேன். புளியந்தோப்பில் சின்னம்மா வீட்டில் மூன்று நாள் படுத்துக் கிடந்துவிட்டு விசாகப்பட்டினத்திலிருந்து திரும்பி வந்தேன். அங்கே துறைமுகத்தில் ஸ்டானிஸ்லாஸைப் பார்த்ததைச் சொன்னேன். கிரேன் வேலையாம். தனியாகத்தான் இருக்கிறான். ஏதோ மனக்கஷ்டம், சரியானதும் வருகிறேன் என்றான். குழந்தைகளைக் கேட்டான். அவன் அறையில் மாதா படம் ஒன்று மாட்டியிருந்தது; சட்டம் கொஞ்சம் உடைந்திருந்தது. அந்த உடைந்த சட்டத்தில் தெரு மடங்கிவிட்டது. புழல் பெண் ஒரே மாதத்தில் காணாமல் போனாள், இரண்டு குழந்தைகளோடு.

அதற்குப் பிறகு வருஷம் ஒரு தடவை விசாகப்பட்டினம் போய் வருவது என் பழக்கமாயிற்று. மூன்றாவது வருஷம் திரும்பி வந்த அன்று, தெருவுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, வீட்டில் தனியாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். ஹில்டா வந்தாள். ரொட்டிக்கடை வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், கையில் மாவு. கதவைச் சாத்தினாள். தெருவில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எளைச்சிட்டாராண்ணே?"

நான் கஞ்சியைக் கீழே வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

கொஞ்சம் இளைத்திருக்கிறார் என்றேன்.

"சாப்பாட்டுக்கு இன்னா பண்றாரு?"

அங்கேயே ஒரு மெஸ்ஸில் சாப்பிடுகிறார் என்றேன். சாப்பாடு நல்ல சாப்பாடுதான், காரம் மட்டும் கொஞ்சம் தூக்கல் என்றேன்.

"அவருக்குக் காரம் ஆவாதே," என்றாள் ஹில்டா.